காவிரி அணைகளும் நீர்மின் நிலையங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாதம் நெருங்கினால் தமிழ்நாட்டு நாளேடுகளில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் இடம்பிடித்துவிடும். அதையொட்டிப் பாசனம் குறித்து எழும் கேள்விகளுக்கு விடை சொல்வோர் பலர் இருக்கிறார்கள். மின்சாரம் குறித்த கேள்விகள்தான் பெரும்பாலும் அரைகுறை விடையோடு நின்றுவிடுகின்றன. ஆகவே இந்தப் பக்கம் காவிரியின் அணைகளை மின் உற்பத்தியின் பக்கமிருந்து பார்க்கிறது.

காவிரிப் படுகையில் உள்ள முக்கிய அணைகள் எவை?

குடகு மலையின் தலைக்காவிரியில் பிறந்து பூம்புகார் அருகே கடலில் கலக்கும் வரை காவிரி ஏறக்குறைய 800 கி.மீ. ஓடுகிறது. கர்நாடகத்தில் ஹாரங்கி, ஹேமாவதி, கபினி ஆகிய துணையாறுகளின் மீது அந்தந்தப் பெயரிலேயே அணைகள் உள்ளன. காவிரியின் குறுக்கே நிற்பது கிருஷ்ணராஜ சாகர். இந்த நான்கும் சேர்ந்து 114.57 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி) நீரைத் தேக்கவல்லவை. தமிழ்நாட்டில் காவிரியின் மீது மேட்டூர் அணை (93.47 டி.எம்.சி.), பவானி ஆற்றின் மீது பவானிசாகர் (32.8 டி.எம்.சி.), அமராவதி ஆற்றின் மீது சுமார் 4 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அமராவதி அணை ஆகியவை முக்கியமானவை.

முக்கொம்பு மேலணை, கல்லணை, அணைக்கரையில் உள்ள கீழணை ஆகியவற்றையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதுண்டு. அவை நீரைப் பிரித்து அனுப்புபவையே தவிர, தேக்கி வைப்பவை அல்ல. கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து போய்விடும். ஆதலால் "கல்லணையில் எத்தனை டி.எம்.சி. இருக்கிறது?" என்று கேட்பதில் பொருளில்லை.

காவிரியில் முதன்முதலில் மின்சாரம் எடுக்கப்பட்டது எப்போது?

1902-ல், மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரத்தில். அங்கே காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து பாறைகளின் மேல் அருவியாக விழுகிறது. அந்த இயற்கையான சரிவைப் பயன்படுத்திக்கொண்டதால் பெரிய அணை எதுவும் கட்டாமலேயே மின்சாரம் எடுக்க முடிந்தது. திட்டத்துக்கு ஊக்கம் கொடுத்த திவான் சேஷாத்ரி ஐயர் 1901-ல் காலமாகிவிட்டார். நிலையம் இயங்கியதை அவர் பார்க்கவில்லை.

அந்த மின்சாரம் முதலில் வீடுகளுக்குப் போகவில்லை, பெங்களூருக்கும் போகவில்லை. ஏறக்குறைய 147 கி.மீ. தொலைவில் இருந்த கோலார் தங்க வயலுக்குத்தான் போனது. சுரங்கத்தில் நீர் இறைக்கவும், தாது நொறுக்கவும், ஆட்களை ஏற்றி இறக்கவும் அதுவரை நீராவி இயந்திரங்களே ஓடின. விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகாத நிலையில் காவிரி கைகொடுத்தது. (அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர்கள்.) பெங்களூரின் தெருவிளக்குகள் 1905-ல்தான் இந்த மின்சாரத்தால் எரிந்தன.

கிருஷ்ணராஜ சாகர் அணை பாசனத்துக்காகத்தானே கட்டப்பட்டது?

பாசனத்துக்காகவும்தான். ஆனால் அதன் வரலாற்றில் மின்சாரத்துக்கு உள்ள பங்கு பலருக்குத் தெரிவதில்லை. கோடையில் காவிரி மெலிந்ததும் சிவசமுத்திரத்தில் உற்பத்தி சரிந்தது, தங்க வயலுக்கு ஒப்புக்கொண்ட மின்சாரத்தைக் கொடுக்க முடியவில்லை. மழைக்கால நீரை மேலே தேக்கிவைத்துக் கோடையில் சீராக விடவேண்டிய தேவை அப்படித்தான் எழுந்தது. 1911-ல் தொடங்கிய கட்டுமானம் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கிறது. சிமெண்டுக்குப் பதிலாகச் சுர்க்கிக் கலவை, அதாவது சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளும் சேர்ந்த கலவை, அங்கே பயன்பட்டது.

சென்னை மாகாணம் எதிர்த்தது. 1914-ல் நடுவர் கிரிஃபின் கொடுத்த தீர்ப்பை அது ஏற்காமல் லண்டன் வரை கொண்டுபோக, கடைசியில் 1924 பிப்ரவரியில் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மைசூர் தன் அணையைக் கட்டிக்கொள்ளவும், சென்னை மேட்டூரில் கட்டிக்கொள்ளவும் அதுவே வழிவிட்டது. இன்றைய காவிரி வழக்குகளின் வேரைத் தேடிப் போனால் இந்த ஒப்பந்தத்தையும் அதற்கு முந்தைய 1892 ஒப்பந்தத்தையும் தாண்டிப் போக முடியாது.

மேட்டூர் அணை எப்போது கட்டப்பட்டது? "ஸ்டான்லி நீர்த்தேக்கம்" என்ற பெயர் எப்படி வந்தது?

1925-ல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். பேச்சு வழக்கில் அந்தப் பெயர் ஒட்டவே இல்லை. அரசு ஆவணங்களிலும் பொது அறிவுத் தேர்வுகளிலும்தான் வாழ்கிறது. உபரி நீரை வெளியேற்றுவதற்கு அணையின் முதன்மைச் சுவரிலிருந்து விலகித் தனியாக அமைந்திருப்பதுதான் 16 கண் மதகு. அது திறந்திருக்கும் நாள்களில் சேலம், ஈரோடு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

நாளேட்டில் வரும் அணை நிலவரத்தை எப்படிப் படிப்பது?

அதில் நான்கு எண்கள் இருக்கும்: நீர்மட்டம் அடியில், நீர் இருப்பு டி.எம்.சி.யில், நீர்வரத்தும் வெளியேற்றமும் விநாடிக்கு இத்தனை கனஅடி என்ற கணக்கில். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் 24 மணி நேரம் நீர் ஓடினால் அது ஒரு டி.எம்.சி. ஆகும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்து, வருவதை 11,574-ஆல் வகுத்தால், அணையில் ஒரு நாளில் எத்தனை டி.எம்.சி. ஏறும் என்பது தெரிந்துவிடும்.

நீர்மட்டத்தைப் பார்த்து இருப்பை ஊகிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முழு மட்டம் 120 அடி என்பதால், 100 அடியில் அணை ஆறில் ஐந்து பங்கு நிறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் 100 அடியில் இருப்பு 65 டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு, அதாவது முழுக் கொள்ளளவில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான். நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகன்று விரிவதால், கடைசி 20 அடிக்குள் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்குகிறது. கீழ்மட்டத்தில் "ஒரே நாளில் இரண்டு அடி உயர்ந்தது" என்ற தலைப்புச் செய்தியைக் கண்டு மகிழ்வதற்கு முன் இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அணையில் நீர் நிறைந்திருக்கும்போதும் மேட்டூரில் மின் உற்பத்தி சில மாதங்கள் நின்றுவிடுகிறதே, ஏன்?

எங்களுக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். மேட்டூரில் மின்சாரத்துக்கென்று தனியாக நீர் திறப்பதில்லை என்பதே இதற்கு விடை. டெல்டாப் பாசனத்துக்கும் குடிநீருக்கும் எவ்வளவு நீர் திறக்கப்படுகிறதோ, அது வெளியே போகிற வழியில் டர்பைன்களைச் சுற்றிவிட்டுப் போகிறது. குறுவைக்காக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது நெடுநாள் வழக்கம். திறக்க வேண்டுமானால் அணையில் குறைந்தது 90 அடியாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நல்ல மழை பெய்து 2022-ல் மே 24-லேயே திறந்ததும் உண்டு, நீரின்றி ஜூன் 12 தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு. நீர் திறப்பு எந்த நாளில் தொடங்குகிறதோ, மின் உற்பத்தியும் அந்த நாளில்தான் பெருகும்.

ஆகவே மேட்டூரின் மின்சாரம் மின்தேவையைப் பார்த்து வருவதில்லை. நாற்றங்காலையும் நடவையும் பார்த்து வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும். அப்போது அணையில் நீர் இருந்தாலும் அதைத் தொட மாட்டார்கள். 1987, 2002 ஆகிய ஆண்டுகளின் தேசிய நீர்க் கொள்கைகளும் குடிநீர், பாசனம், நீர்மின்சாரம் என்ற வரிசையிலேயே முன்னுரிமை கொடுத்தன. மின் பொறியாளருக்கு இது சங்கடமாக இருக்கலாம். ஆனால் கடைமடை வயல்களுக்குக் கொடுக்க வேண்டிய நீரை மே மாதத்து மாலை நேர மின்தேவைக்காகச் செலவழித்துவிட்டால், ஜூன் மாதத்தில் அதை எங்கிருந்தும் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்த வரிசை சரியானதே என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் மேட்டூரில் எவ்வளவு மின்சாரம் உற்பத்தி செய்ய முடியும்?

அணையின் அடியிலுள்ள மின் நிலையம் 50 மெகாவாட். 1960-களில் சேர்ந்த சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட். இரண்டின் வழியாகவும் விநாடிக்கு சுமார் 22,000 கனஅடி நீரை அனுப்பலாம். அதற்கு மேல் வருவது 16 கண் மதகு வழியாக மின்சாரம் கொடுக்காமலே போய்விடும். அணைக்கு விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி வரும் வெள்ள நாளில் மின் உற்பத்தியும் ஐந்து மடங்காகப் பெருகும் என்று எண்ணக்கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி: அதே மேட்டூரில் இயங்கும் அனல் மின் நிலையத்தின் நிறுவுதிறன் 1,440 மெகாவாட்.

டர்பைன் வழியாக வந்த நீரில் "சத்து" போய்விடும் என்கிறார்களே?

போகாது. டர்பைன் எடுத்துக்கொள்வது நீர் விழும் வேகத்தின் ஆற்றலை மட்டுமே; நீரின் அளவும் குறைவதில்லை, அதில் கரைந்திருப்பவையும் குறைவதில்லை. அணையில் வண்டல் தங்கிவிடுவதால் வயலுக்குத் தெளிந்த நீர் வருகிறது என்பது வேறு விஷயம். அதற்குக் காரணம் அணை, டர்பைன் அல்ல. பழைய விவசாயிகள் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

மேட்டூருக்குக் கீழே ஆற்றில் வரிசையாக நிற்கும் கதவணைகள் எதற்கு?

மேட்டூரிலிருந்து கரூர் மாவட்ட எல்லையை நோக்கி ஆற்றோடு வந்தால் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவணைகளைப் பார்க்கலாம். அவற்றுக்குக் கீழே பவானி கட்டளைக் கதவணைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் அலகுகள் இரண்டு, ஆக 30 மெகாவாட். உயரம் மிகக் குறைவு. ஆற்றுப் படுகைக்குள்ளேயே நீர் தேங்கி நிற்கும். கரைக்கு வெளியே நிலம் பெரிதாக மூழ்காது. மேட்டூரில் ஒரு முறை திறந்த நீர் ஒவ்வொரு கதவணையிலும் மறுபடி மறுபடி மின்சாரம் கொடுத்துவிட்டு டெல்டாவுக்குப் போகிறது. கதவணைகளுக்கு மேலே ஆண்டின் பல மாதங்கள் ஏரி போல நீர் நிற்பதால், அங்குள்ள பரிசல் துறைகளுக்கும் குடிநீர்க் கிணறுகளுக்கும் ஆதாயம்.

ஓர் எச்சரிக்கை: கதவணையின் அலகுகளை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் கீழ்ப்பக்கத்தில் நீர்மட்டம் விரைவாக மாறும். மணல் திட்டு தெரிகிறதே என்று நடு ஆறு வரை குளிக்கப் போவது ஆபத்து.

காவிரிப் படுகையில் தமிழ்நாட்டுக்கு அதிக நீர்மின்சாரம் எங்கிருந்து கிடைக்கிறது?

காவிரியிலிருந்து அல்ல, நீலகிரியிலிருந்து. இதை விளக்க ஒரு சிறு கணக்குப் போடலாம். நீர்மின்சாரம் இரண்டின் பெருக்கல்: எவ்வளவு நீர் விழுகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது. இயந்திரங்களின் திறனை 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு டி.எம்.சி. நீர் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது சுமார் 26 லட்சம் யூனிட் கிடைக்கும். அதே ஒரு டி.எம்.சி. 800 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 5 கோடி யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். மேட்டூரில் நீர் மிகுதி, உயரம் குறைவு. நீலகிரியில் நீர் குறைவு, உயரம் மிகுதி.

1932-ல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின் நிலையம் 3,000 அடிக்கு மேற்பட்ட சரிவைப் பயன்படுத்தியது. உலகிலேயே மிக உயரமான சரிவைப் பயன்படுத்திய நிலையங்களுள் ஒன்று என்ற பெயர் அதற்கு அந்நாளில் இருந்தது. அதன் பிறகு கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களிலிருந்து இறங்கும் நீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாக நான்கு மின் நிலையங்களைச் சுற்றிவிட்டுப் பவானி ஆற்றில் சேர்கிறது. பிறகு பவானிசாகரில் தேங்கிப் பாசனத்துக்குப் போகிறது. மிச்சம் பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. மலையில் பெய்த ஒரு மழைத்துளி இத்தனை இடங்களில் வேலை செய்வதை நினைத்தால், குந்தாவின் கட்டமைப்பை வகுத்தவர்கள் மீது மதிப்பு கூடுகிறது.

போர்த்திமந்து நீர்த்தேக்கத்தை மேலேயும் அவலாஞ்சி–எமரால்டைக் கீழேயும் கொண்டு 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டமும் குந்தாவில் வகுக்கப்பட்டது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழிருந்து மேலே நீரை ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் திறந்துவிடுவது இதன் முறை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகியிருக்கும் தமிழ்நாட்டில் இதற்குத்தான் இனி தேவை அதிகம்.

நதிநீர்ப் பங்கீட்டில் இப்போதைய நிலை என்ன?

1990-ல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பளித்தது. படுகையின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று அது பங்கிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தியது. எல்லையில் உள்ள பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும், ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாகக் கணக்கு உண்டு. இதைக் கண்காணிக்கக் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் 2018 ஜூனில் அமைந்தது. நல்ல மழை ஆண்டில் இந்த எண்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. சண்டையெல்லாம் வறட்சி ஆண்டில்தான்.

மேகேதாட்டு மின்சாரத் திட்டம்தானே, தமிழ்நாடு ஏன் எதிர்க்கிறது?

கர்நாடகம் முன்வைத்திருக்கும் மேகேதாட்டு அணையின் கொள்ளளவு ஏறக்குறைய 67 டி.எம்.சி., மின் உற்பத்தித் திறன் 400 மெகாவாட். பெங்களூரின் குடிநீரும் மின்சாரமுமே நோக்கம் என்பது கர்நாடகத்தின் வாதம். தமிழ்நாடு மின்சாரத்தை எதிர்க்கவில்லை. அணை அமையும் இடத்தையும் அளவையும் எதிர்க்கிறது. கிருஷ்ணராஜ சாகருக்கும் கபினிக்கும் கீழே பெய்யும் மழை இன்றைக்கு யாருடைய மதகையும் எதிர்பாராமல் பிலிகுண்டுலுவுக்கு வந்து சேர்கிறது. அந்தக் கட்டற்ற பகுதியின் வாயில்தான் மேகேதாட்டு. அங்கே கதவு வைத்தால் அதன் சாவி மேலேயுள்ளவரிடம் இருக்கும் என்பதுதான் தமிழ்நாட்டின் அச்சம். 2018-ல் மத்திய நீர் ஆணையம் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க அனுமதித்ததை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மூழ்கவிருக்கும் நிலத்தில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்தின் காடு என்பது இரு மாநில அரசியலிலும் அதிகம் பேசப்படாமல் போகிறது.

ஆற்றின் இயல்பான ஓட்டத்தில் 400 மெகாவாட் எடுக்க 67 டி.எம்.சி. தேக்கம் தேவையா என்று மின் பொறியாளர் ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. மேட்டூருக்குக் கீழே உள்ள கதவணைகள் ஏழும் சேர்ந்து 210 மெகாவாட் திறன் கொண்டவை. அவை தேக்கி வைத்திருக்கும் நீர் சொற்பம்.

அணைகள் இருந்தும் வெள்ளச் சேதம் ஏன் வருகிறது?

நிறைந்த அணை வெள்ளத்தைத் தடுக்காது. வருவதை அப்படியே வெளியேற்றத்தான் முடியும். வயநாட்டில் பெருமழை பெய்தால் சிறிய அணையான கபினி சீக்கிரம் நிறைந்து வழியும், அந்த நீர் மேட்டூருக்கு வரும். 2018 ஆகஸ்டில் அப்படித்தான் மேட்டூரிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய மேலணையின் பகுதி அது. பிறகு அதன் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.

நீர் வற்றும்போது மேட்டூர் அணைக்குள் தெரியும் நந்தியும் கோபுரமும் என்ன?

அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம். பண்ணவாடிப் பரிசல் துறைக்கு எதிரே ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் நீருக்குள் நிற்கின்றன. நீர்மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கும் ஆண்டுகளில் முதலில் கோபுரங்களும் பிறகு நந்தியின் தலையும் மெல்ல வெளியே வரும். அப்போது சுற்றுவட்டார மக்கள் பரிசலில் போய் நந்தியைக் கும்பிட்டு வருவார்கள்; கரையோர மண்ணில் எள்ளும் சோளமும் விதைப்பவர்களும் உண்டு. நந்தி முழுவதுமாகத் தெரியும் நாள்களில் அணை மின் நிலையத்தில் உற்பத்தி நின்றோ மிகக் குறைந்தோ இருக்கும். பருவமழை தொடங்கி ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடியதும் சில நாள்களில் அது மறுபடி மூழ்கிவிடும்.